முதுமையை வேண்டிய இளங்குரல்

பாடசாலைக் கலைவிழா என்றால் விநோத உடைப் போட்டி இல்லாமல் முடிவதில்லை. பெல்மதுளையைச் சூழ்ந்துள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் பாடசாலைகளிலும் இது வழக்கமே. முண்டாசும் முறுக்கு மீசையுமாக ஒரு பாரதியார் வருவார். அவருக்குப் பின்னே வெள்ளைச் சேலை உடுத்து, நெற்றி நிறைய நீறு பூசி, கையில் கோலூன்றிக் கூனிக்கொண்டு ஔவையார் வருவார். ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கிழவியாகி நடுங்கி நடப்பதைக் கண்டு பெற்றோர் கைதட்டுவர். ஔவையை நேரில் கண்டவர் எவருமிலர். ஆயினும் அந்தச் சேலையும் கோலும் நடையும் இன்னபடிதான் இருக்க வேண்டுமென்று நம் எல்லோருக்கும் தெரியும். 1953 ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஔவையார்’ திரைப்படம் நம் மனத்தில் பதித்துவிட்டுப் போன உருவம் அது. அவ்வுருவத்துள் நின்று பாடியவர் கே. பி. சுந்தராம்பாள். அவரும் அந்தச் சிறுமியின் வயதிலேதான் வேடம் புனைந்து மேடை ஏறினார். பரிசு பெறுவதற்காக அன்று; வயிறு நிறைவதற்காக.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908 ஆம் ஆண்டு அக்டோபர் 10 ஆம் நாள் அவர் பிறந்தார். ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் தாயார் பாலாம்பாளின் பெயர் முதலெழுத்துமே அவர் பெயருக்கு முன்னே நிற்கும் இரண்டு எழுத்துக்கள். தந்தையின் ஆதரவில்லாத குடும்பம். உடன் பிறந்தோருள் கனகசபாபதி என்னும் தம்பியார் பிற்காலத்தில் அக்காளின் வரவு செலவு முதலாகப் பலவற்றையும் கவனித்துக் கொண்டவர். ஈரோட்டிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப் பாதை கொடுமுடி வழியாகவே போகிறது. அப்பாதையில் ஓடும் வண்டிகளில் ஏறிப் பாடி, பயணிகள் தரும் காசைத் தாயின் கையிற் கொண்டுபோய்க் கொடுத்தது இக்குழந்தையின் முதல் தொழில். இரும்புச் சக்கரத்தின் ஓசையை மீறிப் பெட்டியின் கடைசிப் பலகையில் இருப்பவனுக்கும் கேட்கப் பாடவேண்டும். இல்லையேல் காசு விழாது. அவருக்குக் குரலை வளர்த்த முதல் ஆசான் அந்தப் புகைவண்டியே என்று நான் எண்ணுவதுண்டு.

திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அதிகாரியாக இருந்து, நாடகத்திலும் பெரும் பற்றுக்கொண்டிருந்த எப். ஜி. நடேசய்யர் வண்டியில் இக்குரலைக் கேட்டு வியந்தார் என்பதும், அதன் பயனாகச் சிறுமி வேலு நாயரின் நாடகக் கம்பெனியிற் சேர்ந்தாள் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அங்கே கிடைத்த முதல் வேடம் நல்லதங்காளின் பிள்ளைகளுள் ஒருவன். பஞ்சத்தால் பிறந்தகம் நாடிவந்த தாயிடம் பசிக்கிறதென்று அழுது பாடும் பாலகன். அப்பாட்டைக் கேட்ட சபையோர் கண்ணீர் விட்டனர் என்பர். அதனை நடிப்பென்று சொல்லலாமோ, அறியேன். பசியைப் பற்றிப் பாடுவதற்கு அந்தக் குழந்தைக்கு ஒத்திகை தேவைப்பட்டிராது.

அக்கால நாடக மேடை குழந்தைகளால் நிறைந்தது என்பதை இன்றைய மாணவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் முதலிய ஆசிரியர்கள் சிறுவர்களைத் திரட்டிச் சபைகள் அமைத்துப் புராண நாடகங்களைப் பயிற்றினர். டி. கே. எஸ். சகோதரர்கள் அத்தகைய சபையொன்றில் 1918 இல் சேர்ந்தவர்கள். வறிய வீட்டார் பிள்ளையைக் கம்பெனியில் விட்டுவிட்டால் அவனுக்குச் சோறு கிடைக்கும். வீட்டுக்குச் சிறுதொகை வரும். பகலெல்லாம் பாடம், இரவெல்லாம் நாடகம், தவறினால் அடி. இவ்வளவும் தாங்கிப் பெயர் பெற்ற பையனுக்கும் பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு என்னும் கண்டம் வந்துவிடும். தொண்டை உடைந்து குரல் கெட்டால் நேற்றைய இராஜபார்ட் இன்று திரை இழுக்கவும் விளக்குத் துடைக்கவும் போக வேண்டியதுதான். பெண் குழந்தைக்கு அக்கண்டம் இல்லை. ஆனால் அவளுக்கு வேறொன்று காத்திருந்தது. மேடையில் நடிக்கும் பெண்ணைப் பார்க்கப் பணங்கொடுத்து வரும் சமூகம், அவளை வீட்டுக்குள் மதிப்போடு ஏற்றுக்கொள்ளாது.

பத்து வயது நிரம்புமுன்னரே சுந்தராம்பாள் இலங்கைக்கு வந்துவிட்டார். 1917 என்று அதற்கு ஆண்டு குறிப்பர். தமிழ்நாட்டிலிருந்து தனுஷ்கோடி வரை வண்டி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் கொழும்புக்கு வண்டி என்ற தொடர்வழி 1914 இல் திறக்கப்பட்டிருந்தது. கொங்கு நாட்டிலிருந்தும் சேலம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்தும் தோட்டங்களுக்கு ஆள்கட்டி வந்த கங்காணிமாரும், அவர்களோடு வந்த நம் முன்னோரும் மண்டபத்து முகாமில் அடைபட்டுக் கிடந்து பிறகு கடந்ததும் அதே கடல்தான். கூலிக்கு வந்தவர்களுடைய பிள்ளைகளும் இங்கே கூலிக்காரர்களாயினர். 1929 இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி விகிதத்திலேகூட, தாழ்நாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம் என்று பிள்ளைகளுக்கெனத் தனி வரி ஒன்று எழுதப்பட்டிருந்தது. ஆகவே உழைத்துச் சோறுண்ணும் குழந்தை என்பது நம் மக்களுக்கு வியப்பான காட்சியன்று. அந்தக் குழந்தைக்கு மாலை போடுவார்கள் என்பதே வியப்பு.

கொழும்பில் அப்போது தமிழ் நாடகத்துக்கு நல்ல காலம். வணிகரும் துறைமுகத் தொழிலாளரும் எழுதுவினைஞரும் திரண்டு வந்து பார்த்தனர். சிங்கள மேடையும் இந்திய இசைக்கு அந்நியமானதன்று. அவர்களுடைய நாடகம் என்னும் பழைய வடிவம் தமிழ்க் கூத்தின் சந்தங்களை எடுத்துக்கொண்டது. பின் வந்த நூர்த்தி வட இந்திய மெட்டுக்களைத் தழுவியது. மலையகத்திலோ காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும்தான் விடிய விடிய நடந்தன. அவற்றில் ஆண்களே பெண்வேடம் பூண்டனர். இப்படிப்பட்ட நாட்டில், தீவின் பல இடங்களிலும், ஒரு பெண் குழந்தை வேடம் தரித்து ஒலிபெருக்கியின்றிப் பாடிப் பாடி வளர்ந்தாள். குழந்தை வேடம் போய், பவளக்கொடியும் வள்ளியும் சந்திரமதியும் அவளுக்கு உரியவையாயின. இடையில் தமிழகம் போய் வந்தாலும் அவரது நாடக வாழ்வின் வேர் இந்தத் தீவிலே இறங்கியிருந்தது என்பதை நம் இலக்கிய வட்டத்தார் போதிய அளவு நினைப்பதில்லை.

அதே தொழிலில் அதே வயதில் இறக்கிவிடப்பட்ட மற்றொரு குழந்தை செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பா. 1906 இல் பிறந்தவர். பள்ளிக்குப் போகாமல் ஐந்தாறு வயதிலேயே தமையன்மாரோடு மேடை ஏறியவர். சங்கரதாஸ் சுவாமிகளின் சபையிலும் பின்னர்க் கன்னையா கம்பெனியிலும் பாடிப் புகழ் பெற்றவர். மகரக்கட்டு அவர் குரலைத் தொடாமலே போய்விட்டது. எட்டாத உச்சத்தில் அவர் பாடும்போது தெருக்கோடியில் நின்றவர்க்கும் சொல் தெளிவாகக் கேட்குமாம். 1920களின் நடுவில் அவர் இலங்கைக்கு வந்தபோது இவ்விருவரையும் ஒரே மேடையில் நிறுத்தினர். நாடகம், ‘வள்ளி திருமணம்’. அக்கால ஸ்பெஷல் நாடகங்களில் நடிகர்கள் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு மேடையிலேயே ஒருவரையொருவர் சந்திப்பர். தர்க்கப் பாட்டில் ஒருவர் விட்ட அடியை மற்றவர் பிடிக்கவேண்டும். பிடிக்கத் தவறியவர் சபையின் முன் தோற்றவராவார். அந்தப் போட்டியில் இருவரும் தோற்கவில்லை. முருகனும் வள்ளியுமாகப் பாடியவர்கள் வாழ்க்கையிலும் இணைய விரும்பினர். 1927 இல் மணம் நிகழ்ந்தது.

இம்மணத்தைப் பற்றிக் காவியம் போல எழுதுவோர் சிலவற்றை விழுங்கிவிடுகின்றனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். சாதியும் குடும்பமும் குறுக்கே நின்றன. பிறந்த மகவு நிலைக்கவில்லை. கிட்டப்பாவுக்குக் குடிப்பழக்கமும் நோயும் கூடின. பிரிவும் சமாதானமும் மறுபிரிவுமாக ஆண்டுகள் ஓடின. சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியுள்ளன. அவற்றைப் படிப்போர் அன்பை மட்டுமன்று, கைவிடப்பட்ட பெண்ணின் கோபத்தையும் ஏக்கத்தையும் காண்பர். 1933 டிசம்பர் 2 ஆம் நாள், இருபத்தெட்டு வயது நிரம்புமுன், கிட்டப்பா மறைந்தார்.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அணிகளைக் களைந்தார், வெள்ளைக் கதர்ச் சேலை உடுத்தார், இனி எந்த ஆண் நடிகருடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இதனைக் கற்பின் சிகரமென்று போற்றி அத்துடன் நிறுத்திக்கொள்வது நம் பத்திரிகைகளின் மரபு. நான் அவ்வாறு நிறுத்த விரும்பவில்லை. துயரம் உண்மையானது, அதில் ஐயமில்லை. ஆனால் நினைவு தெரிந்த நாள் முதல் பிறர் சொன்ன வேடத்தைப் போட்டு, பிறர் குறித்த இரவில், பிறர் குறித்த எதிர்நடிகருடன் பாடிய ஒருவர், முதன்முறையாகத் தமக்கென ஒரு நிபந்தனை விதித்தார். அந்த நிபந்தனையை நாற்பத்தேழு ஆண்டுகள் எவராலும் மாற்ற இயலவில்லை. இளங்கைம்பெண்ணை, அதிலும் நடிகையை, உலகம் எவ்வாறு நோக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். வெள்ளைச் சேலை அவருக்குத் துறவாயிருந்தது; காவலாயும் இருந்தது. அக்காவல் இருந்தமையால்தான் அவர் தொழிலைத் துறக்க வேண்டியதில்லாமற் போயிற்று.

சிறிது காலம் ஒதுங்கியிருந்த பின்னர் அன்பர்களின் வற்புறுத்தலால் மீண்டும் மேடைக்கு வந்தார். கதாநாயகியாக அன்று, நந்தனாராக. நந்தன் வேடத்திற்கு இணை தேவையில்லை, சிதம்பரம் ஒன்றே தேவை. அந்த வெற்றியைக் கண்டு படமுதலாளி ஒருவர் ‘பக்த நந்தனார்’ எடுக்க அவரை நாடினார். சினிமாவில் விருப்பமில்லாத அம்மையார், கேட்டவர் திரும்பிப் போகட்டுமென்று ஓர் இலட்சம் ரூபாய் கேட்டாராம். வந்தவர் ஒப்புக்கொண்டுவிட்டார். 1935 இல் படம் வெளிவந்தது. இந்தியத் திரையுலகில் ஒரு படத்துக்கு இலட்சம் ரூபாய் பெற்ற முதல் நடிப்புக் கலைஞர் அவரே என்பர். நான் மேலே காட்டிய கூலிக் கணக்கின்படி தாழ்நாட்டுத் தோட்டப்பெண் ஒருத்தி இவ்வளவு பணம் காண 2,50,000 நாள் உழைக்க வேண்டும். வண்டியில் காசுக்குப் பாடிய குழந்தை அந்த விலையைச் சொல்லத் துணிந்ததே பெரிது.

படம் சிறக்கவில்லை. மாணிக்லால் டாண்டன் இயக்கிய அப்படத்தில், வேதியராகச் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர் நடித்தார். இரண்டு பெருங்குரல்கள் இருந்தும் கதை அசையவில்லை. கல்கி தம் விமரிசனத்தில், படத்தில் வரும் எருமைமாடும் மரங்களும் நன்றாக நடித்திருப்பதாகப் பாராட்டிக் கேலி செய்தது இன்றும் பேசப்படுகிறது. கேலியில் நியாயம் இருந்தது. சுந்தராம்பாள் முகத்தால் நடிப்பவரல்லர். கையும் காலும் அவருக்கு அவ்வளவாக வசப்பட்டதில்லை. பாட்டு நின்றவுடன் அவரும் நின்றுவிடுவார். ஆயினும், ஒரு பெண் ஆணாகி, தீண்டாமைக்கு ஆளான பண்ணையாளாகி, ஆண்டையின் காலடியில் நின்று, போக விடை தாருங்கள் என்று இறைஞ்சும் காட்சி வெறும் பக்திக் காட்சியன்று. நாற்பது வேலி நிலத்தை நட்டு முடித்தாலன்றிச் சிதம்பரம் போக முடியாது என்பது நந்தனுக்கு இட்ட கட்டளை. தோட்டத்தில் கங்காணிக்குப் பட்ட கடன் எழுதிய துண்டு கையில் இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது என்பது நம்மவர்க்கு இருந்த கட்டளை. 1921 இல்தான் அம்முறை சட்டப்படி ஒழிந்தது. அந்த நினைவு ஆறாத காலத்தில் வெளிவந்தது நந்தன் கதை. விடை கேட்டு நிற்பவன் நிலை நம்மவர்க்கு எவரும் விளக்க வேண்டியதாயிருக்கவில்லை.

1940 இல் ‘மணிமேகலை’. மீண்டும் துறவு, இம்முறை பௌத்தத் துறவு. காதலிக்கும் அரசகுமாரனை விலக்கி அமுதசுரபி ஏந்தி ஊரின் பசியை ஆற்றப் புறப்படும் பெண். நல்லதங்காளின் பிள்ளையாய் நின்று சோறு கேட்டு அழுதவர், அமுதசுரபியைக் கையிலேந்தினார். வேடங்களைத் தேர்ந்ததில் இத்தகைய ஒழுங்கு தற்செயலாக அமைந்ததோ, அவரே கருதிச் செய்ததோ, எப்படியாயினும் நெஞ்சைத் தொடுகிறது.

மேடையில் பாடிய அதே குரல் காங்கிரஸ் கூட்டங்களிலும் ஒலித்தது. தீரர் சத்தியமூர்த்தி நாடகக் கலைஞரைத் தேசப்பணிக்கு அழைத்தவர்களுள் முதல்வர். அவர் பேசுமுன் சுந்தராம்பாள் பாடுவார். பேச்சுக்குக் கூட்டம் சேர்ந்ததா பாட்டுக்குச் சேர்ந்ததா என்பதை அக்காலத்தவரே தீர்த்திருக்க மாட்டார்கள். விடுதலைக்குப் பின் 1950களில் அவர் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். பள்ளியில் நிலையாகப் பயில வாய்ப்பற்ற ஒரு நாடகக்காரிக்குச் சட்டசபையில் இருக்கை கிடைத்ததை, முன்பு நாடகக்காரிக்கு வீடு வாடகைக்குத் தராதவர்களும் கண்டனர்.

இனி ‘ஔவையார்’. எஸ். எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்க, பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய படம். யானைக்கூட்டம் வந்து கோட்டையை இடிக்கும் காட்சியைப் பார்த்தவர் மறப்பதில்லை. ஆனால் படத்தின் உயிர் முதற்பகுதியில் இருக்கிறது. கலியாணம் நிச்சயித்துவிட்ட வீட்டில், மணம் வேண்டாத இளம்பெண் ஒருத்தி விநாயகர் முன் சென்று, என் இளமையையும் அழகையும் எடுத்துக்கொள் என்று மன்றாடுகிறாள். அவ்விளம்பெண்ணாகக் குசலகுமாரி நடித்தார். கணத்தில் இளமை உதிர்ந்து கிழவி எழுகிறாள், எழுகிறவர் சுந்தராம்பாள். கிழவியான பிறகுதான் ஔவைக்கு நாடெங்கும் நடக்க உரிமை வருகிறது. அரசர் அவையில் அச்சமின்றிப் பேச நா வருகிறது. 1933 இல் தம் கையாலேயே இளமையைக் களைந்து வைத்த பெண், இருபது ஆண்டுகள் கழித்து அக்கதையில் நின்றபோது நடிக்க வேண்டியது அதிகமில்லை. முகத்தால் நடிக்கத் தெரியாதவர் என்று மேலே எழுதினேன்; ஔவையின் முகத்தில் அந்தக் குறை எனக்குத் தென்படவில்லை.

அப்படத்தின் பாடல்கள் தோட்டப்புறங்களை அடைந்த வழி இலங்கை வானொலி. லயங்களில் எல்லாருக்கும் வானொலி ஏது? கணக்கப்பிள்ளை வீட்டிலோ கடைவீதித் தேநீர்க் கடையிலோ ஒன்று இருக்கும். அதன் வாயிலில் ஊரே நிற்கும். அதற்கு முன்னரே கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாடிய இசைத்தட்டுக்கள் கிராமபோன் வைத்திருந்த வீடுகளில் சுழன்றன.

பிற்காலப் படங்களை விரிவாகச் சொல்ல இங்கு இடமில்லை. 1964 இல் மு. கருணாநிதி எழுதிய ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகளானார். பாடலொன்றில் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் அடி வந்ததாகவும், முருக பக்தையான அவர் அவ்வடியைப் பாட மறுக்க, பகுத்தறிவுவாதியான ஆசிரியர் அதனை மாற்றிக் கொடுத்ததாகவும் சொல்லுவர். நிபந்தனை விதிக்கும் வழக்கம் அப்போதும் போகவில்லை! கண்ணகியைப் பத்தினித் தெய்வமாக வணங்கும் சப்பிரகமுவ மண்ணில் அப்படத்திற்கு ஒரு தனிச்சுவை உண்டு. மதுரைக்கு வழித்துணையாய் வந்த அடிகளைப் பற்றிச் சிங்கள அயலாருக்கு நம்மவர் கதை சொல்லலாம். 1965 இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மறுபடியும் ஔவை. பழத்துக்காகக் கோபித்து மலையேறிய முருகனைச் சமாதானம் செய்யும் அந்தப் பாட்டு இன்றும் கோயில் திருவிழாக்களில் ஒலிக்கிறது. 1966 இல் தமிழிசைச் சங்கம் இசைப்பேரறிஞர் விருதளித்தது. 1969 இல் வெளிவந்த ‘துணைவன்’ படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருது கிடைத்தபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. மறு ஆண்டு பத்மஸ்ரீ. சொந்த ஊரான கொடுமுடியில் தம் பெயரால் ஒரு திரையரங்கும் கட்டினார். 1980 இல் காலமானார்.

கிட்டப்பா படத்தில் நடிக்கவே இல்லை. பேசும்படம் தமிழில் கால்கொண்டு இரண்டே ஆண்டில் அவர் மறைந்துவிட்டார். சுந்தராம்பாள் திரைக்கு வந்தபோது வெள்ளைச் சேலை உடுத்துவிட்டிருந்தார். ஆகவே தினைப்புனத்து வள்ளியாக நின்று, கவண் சுழற்றி, வேடனாய் வந்த முருகனை வார்த்தைக்கு வார்த்தை மடக்கிப் பாடிய அந்த இளம்பெண்ணின் அசையும் படம் எதுவும் எங்கும் இல்லை. அவளைப் பார்த்தவர்கள் கொழும்பிலும் தீவின் பிற ஊர்களிலும் அன்றைய இரவுகளில் கொட்டகைகளில் விழித்திருந்தவர்கள் மட்டுமே. அவர்களிலும் இன்று எவரும் எஞ்சியிருக்க வழியில்லை. நம் பாடசாலை மேடைக்கு வரும் சிறுமிக்குக் கோலும் நரைத்த தலையும்தான் கிடைக்கின்றன.